இரண்டு மில்லி

பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பல் பிடுங்குவதுதான் நினைவுக்கு வரும். நான் பல்லைப் பிடுங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. மனிதர்களைத் துப்ப வைப்பது, துப்பியதை அளப்பது, அதை வைத்து உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, இதுதான் என் வேலை. உமிழ்நீர்ப் பரிசோதனை என்று கால அட்டவணையில் போட்டிருக்கும். என் மாமியார் வீட்டில் இதை யாரிடமும் விளக்குவதில்லை. காலேஜில் டீச்சர் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

துப்ப வைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வாயைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் வருவார்கள். டாக்டரிடம் அழுக்கு வாயைக் காட்டுவதாவது! உமிக்கரியும் உப்பும் போட்டு அரக்கித் தேய்த்து, ஈறில் ரத்தம் கசிய வந்து உட்காருவார்கள். ரத்தம் கலந்த உமிழ்நீர் எங்களுக்கு ஆகாது. நாளைக்குப் பல் தேய்க்காமல், ஒன்றரை மணிநேரம் ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினால், "நாறுற வாயோட எப்பிடி டாக்டரே வாறது?" என்று மறுநாளும் தேய்த்துவிட்டு வருவார்கள்.

வந்தபிறகு அடுத்த கூத்து. தலையைக் குனிந்து, உதட்டைத் திறந்து, விழுங்காமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும். வாயில் ஊறுவது தானாக வழிந்து கையிலிருக்கும் குழாயில் விழ வேண்டும். ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாய் ஒழுக உட்காருவது யாருக்குமே கூச்சமாகத்தான் இருக்கும். பெண்கள் விழுங்கிவிடுவார்கள். ஆண்கள் மரியாதையாக எழுந்து வெளியே போய், மாமரத்தடியில் துப்பிவிட்டு, காலிக் குழாயோடு திரும்பி வருவார்கள்.

இதனால் மாணவர்கள் என்னிடம் அரை மில்லி, கால் மில்லி என்று கொண்டுவந்து நீட்டினார்கள். கேட்டால், "அவங்களுக்கு வெக்கம் மேடம்" என்பார்கள். எனக்குச் சோம்பேறிகளைக் கண்டால் ஆகாது. நோயாளியிடம் பக்குவமாகப் பேசி, கூச்சத்தைப் போக்கி, உட்காரவைத்து எடுக்கத் தெரியவில்லை என்றால் நீ என்ன டாக்டர் என்று கத்தினேன். பத்து நிமிடத்தில் இரண்டு மில்லி. அதற்குக் குறைந்தால் ரெக்கார்டு நோட்டில் என் கையெழுத்து கிடையாது, கையெழுத்து இல்லாவிட்டால் பரீட்சை கிடையாது என்று சட்டம் போட்டேன். பரிசோதனைக்கு உண்மையில் அரை மில்லியே போதும். இரண்டு என்பது என்னுடைய பிடிவாதம். நான் வராந்தாவில் நடந்து வந்தால், "ரெண்டு மில்லி வருது" என்று பையன்கள் கிசுகிசுப்பார்கள். காதில் விழும். விழாததுபோல் போவேன். உள்ளுக்குள் பெருமைதான்.

இதே நான் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் வேறு. பத்து நிமிடத்தில் ஒரு மில்லிகூட ஊறவில்லை என்றால் அந்த வாய் வறண்ட வாய். ஏன் வறண்டது என்று தேடு. சர்க்கரை நோயாக இருக்கலாம், சாப்பிடும் மாத்திரையாக இருக்கலாம், சுரப்பியே கெட்டிருக்கலாம். குறைவாக வருவதே ஒரு செய்தி என்று நீட்டி முழக்கியிருக்கிறேன். அப்படிச் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்கு வந்து, குறைவாகக் கொண்டுவந்தவனைத் திருப்பி அனுப்பினேன். இரண்டையும் நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. படித்தவள், பதினைந்து வருடம் பாடம் நடத்தியவள், இது தோன்றவில்லை என்று இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த அம்மா வந்தது ஒரு பங்குனி மாத வெயிலில். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன் நிறைந்த அலுமினியச் சருவத்தைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்கிறவர். வீச்சம் அடிக்கும் என்று வாட்ச்மேன் சருவத்தை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். நான் அவரை அன்று முழுதாகப் பார்க்கவில்லை. கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்து வாயை நனைத்துக்கொண்டே இருந்ததும், செருப்பில்லாத கால்கள் நாற்காலிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. பரிசோதனைக்கு உட்காருகிறவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தூரத்திலிருந்தே சத்தம் போட்டேன். அவர் பயந்துபோய்ப் பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டார்.

அவரைப் பார்த்துக்கொண்டது இறுதியாண்டு மாணவி ஒருத்தி. கொட்டாரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். அமைதியான பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ரெக்கார்டு ஒப்படைக்க இரண்டு நாள்தான் பாக்கி. மதியத்துக்குள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அளவு இரண்டு மில்லி, சர்க்கரை இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். நோயாளிக்குக் கொடுக்கும் சீட்டிலும், "உமிழ்நீர் அளவு சரி, சர்க்கரை இல்லை" என்று அவள் எழுதியிருந்ததற்குக் கீழே போட்டேன். இரண்டு கையெழுத்துக்கும் சேர்த்து அரை நிமிடம் ஆகியிருக்காது.

ஏழெட்டு மாதம் கழித்து அதே கடற்கரையில் கோவில் மண்டபத்தில் பல் மருத்துவ முகாம் போட்டோம். வழக்கம்போல நானும் பயிற்சி டாக்டர்களும் போனோம். கொட்டாரத்துப் பெண்ணும் அப்போது பயிற்சி டாக்டர். மதியம் கூட்டம் குறைந்தபோது ஒரு இளம்பெண் தன் அம்மாவை நடத்திக் கூட்டிவந்தாள். அம்மாவின் கையில் நான்கு கால் வைத்த நடைவண்டி. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"டாக்டரே, நீங்களா! தெரியுதா? அண்ணைக்கு வெள்ளம் குடிக்காதேன்னு ஏசினியளே."

உட்காரவைத்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். மகள்தான் சொன்னாள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து உள்ளங்காலில் ஒரு கொப்புளம். உடைந்து புண்ணாகி ஆறவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸ், சர்க்கரை இருக்கும் போலத் தெரிகிறது, விரலில் ஒரு குத்து குத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அம்மா சம்மதிக்கவில்லை.

"ஊசியே வேண்டாம், துப்பிப் பாத்தாப் போதும்னுதானே காலேஜ்ல சொன்னிய" என்றார் அந்த அம்மா. "அதான் பாத்தாச்சே, இல்லன்னு பெரிய டாக்டரு ஒப்பு போட்டுத் தந்திருக்காவன்னு சீட்டக் காட்டினேன்."

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கால் கறுத்துவிட்டிருந்தது. அங்கே ரத்தத்தில் பார்த்தபோது சர்க்கரை ஏறிக் கிடந்திருக்கிறது, அதுவும் நெடுநாளாக. அவர் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார் கார்டு, நான்காக மடித்த எங்கள் சீட்டு. விரித்து என் முன்னால் வைத்தார். குற்றம் சாட்டுவதற்காக இல்லை. இன்ன நாளில் வந்தவள் நான் என்று காட்டுவதற்காக.

"பெறகு எப்பிடி எனக்கு வந்திச்சு டாக்டரே? கொஞ்ச நாளைக்குள்ள வந்திருமா?"

உங்கள் உமிழ்நீரை இன்னொரு முறை பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மாத்திரை சாப்பிட்டும் வாய் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது என்றாள் மகள். குழாயைக் கொடுத்துத் தலையைக் குனியச் சொன்னேன். இந்த முறை நானே எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை, விழுங்கவில்லை, சொன்னபடி செய்தார். கடைசியில் குழாயின் வாயோரத்தில் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. அடியில் ஒன்றுமில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். கொட்டாரத்துப் பெண் மருந்து மேஜைக்குப் பின்னால் நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்ததும் வெளியே போய்விட்டாள். நானும் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் உக்காந்து ஒரு சொட்டு வரல. அன்னைக்கு ரெண்டு மில்லி எப்படி வந்துது?" என்றேன்.

"வரல மேடம்."

"வரலன்னா?"

"அரை மணிக்கூர் உக்கார வச்சேன். அன்னைக்கும் இவ்வளவுதான் வந்துது. நான் கொண்டுவந்தா நீங்க சைன் போடமாட்டீங்க. அதான்... நெறச்சிட்டேன்."

"ஒனக்க எச்சியையா?"

"இல்ல மேடம். பேச்சிப்பாறைக்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. பேச்சிப்பாறை எங்கள் மாவட்டத்து அணை. அவர்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு அந்தப் பட்டப்பெயர். வாயில் உமிழ்நீர் நிற்காமல் ஊறுமாம். குழாயை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் நிறைத்துக் கொடுப்பானாம். யாருக்குக் குறைந்தாலும் அவனிடம் போவார்கள். அவள் மட்டும் இல்லை, வகுப்பு முழுவதும். முதல் வருடத்திலிருந்தே ஒருத்தர் வாயில் ஒருத்தர் படித்தவர்கள், ஒருத்தர் பல்லில் ஒருத்தர் அச்செடுத்தவர்கள். அவர்களுக்கு இது கள்ளத்தனமாகவே தோன்றவில்லை. நோட்டுக் கடன் வாங்குவதுபோல எச்சில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். அந்த அம்மாவுக்குக் கால் போயிருக்கு, தெரியுதா என்று கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னாள்.

"நோட்டுல மேல வறட்சின்னு எழுதியிருந்தேனே மேடம். அத மாத்தல. நீங்க வாசிச்சிட்டு, இது எப்படின்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டா சொல்லியிருப்பேன்."

அன்று அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரை டாக்டரிடம் வாய் வறட்சியைச் சொல்லுங்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள் என்று உபதேசம் பண்ணிவிட்டு வேனில் ஏறிவிட்டேன். பயந்துவிட்டேன். அதற்கு வேறு பெயர் கிடையாது.

மறுநாள் பழைய ரெக்கார்டுகளை அறையிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். அவள் நோட்டில் அந்த அம்மாவின் பக்கம். மேலே நோயாளி சொன்ன குறை: வாய் வறட்சி, நாக்கு எரிச்சல், தண்ணீர் குடிக்காமல் சோறு இறங்குவதில்லை. கீழே அளவு: இரண்டு மில்லி. ஒரே பக்கம்தான், இடையில் ஒரு சாண்கூட இல்லை. இரண்டுக்கும் அடியில் என் கையெழுத்து, வாலைச் சுழித்து, அழகாக.

அந்த வகுப்பின் மற்ற நோட்டுகளையும் மேஜையில் பரப்பினேன். பல்லில்லாத கிழவர், பிள்ளைத்தாய்ச்சி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் டிரைவர், ரப்பர் பால் வெட்டுகிறவர். எத்தனையோ பக்கங்களில் அதே இரண்டு மில்லி, அதே அமில அளவு, அதே சர்க்கரை இல்லை. பாதி ஊர் ஒரே வாயால் துப்பியிருந்தது. கல்லூரியை ஆய்வு செய்ய வந்த குழுவிடம் இந்த நோட்டுகளைத்தான் எடுத்துக்காட்டி, எங்கள் பிள்ளைகள் அளவு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள் என்று பீற்றிக்கொண்டேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், என்னை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். "பழசைக் கிண்டாதீங்க. அந்தம்மா ஒண்ணும் கேக்கலியே" என்றார். அந்தத் தேநீரை நான் குடிக்கவில்லை. நோட்டுகளில் இருந்த எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு ரத்தம் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முகம் சுளித்தாலும் அனுமதித்தார். வந்தவர்கள் பாதிகூட இல்லை. மற்றவர்கள் போன் எண் மாறியவர்கள், வீடு மாறியவர்கள், கூலிநாளை விட முடியாதவர்கள்.

அந்த அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், கூட்டு ஜெபத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாவ அறிக்கை சொல்லும்போது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை கொட்டாரத்துப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கோவிலைத் தாண்டி இரண்டாவது தெரு. வீட்டு முன்னால் மணல் கறுப்பாக மினுங்கியது. அந்த அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வலைக்கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடைவண்டி சுவரில் சாய்ந்திருந்தது, அதன் ரப்பர் பாதங்களில் கறுப்பு மணல் அப்பியிருந்தது. மீன் சருவம் வாசலில் கவிழ்த்துக் கிடந்தது. மகள் எங்களுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணியிருந்தேன்.

"அம்மா, அன்னைக்கு நாங்க எழுதித் தந்தது தப்பு. உங்களுக்கு அன்னைக்கே சர்க்கரை இருந்திருக்கும். குழாயில இருந்தது உங்க துப்பல் இல்ல. உங்களுக்கு வரலன்னு வேற ஆளுக்க துப்பல ஊத்தி டெஸ்ட் பண்ணிட்டாங்க. நான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

கயிறு பிரித்த கை நின்றது. கொட்டாரத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான்தான் ஊற்றினேன் என்றாள். மகள்தான் முதலில் வெடித்தாள். படிச்சவங்கதானா நீங்க, உங்க அம்மைக்கு இப்பிடிச் செய்வியளா என்று கேட்டாள். அந்த அம்மா மகளைக் கையமர்த்தினார்.

"ஆருக்க துப்பலு அது?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு பையனுக்க. கூடப் படிச்சவன்."

"அவனுக்குச் சர்க்கர இல்லியா?"

"இல்லம்மா."

"நல்லாருக்கட்டும்."

பிறகு கொட்டாரத்துப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"நான் ஒங்கிட்ட அண்ணைக்கே பறஞ்சேனே மக்கா. எனக்க வாயில வெள்ளமே இல்ல, நாக்கு ஒட்டுது, என்னால துப்ப ஒக்காதுன்னு பறஞ்சேனா இல்லியா?"

"சொன்னீங்க" என்றாள் அவள்.

"பெறகென்ன டெஸ்ட்டு? நான் வாயைத் தொறந்து சொன்னது பத்தலியா?"

இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும், நான் சொன்னேன்: "அந்தச் சீட்ட எங்கிட்ட குடுங்கம்மா. திருத்தித் தாறேன்."

திருத்துவது மட்டும் என் எண்ணம் இல்லை. அந்தக் காகிதம் அவர் கையில் இருக்கக் கூடாது என்று என் மனது கணக்குப் போட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் அந்தப் புத்தி போகவில்லை. அவர் உறையை எடுத்தார். சீட்டைப் பிரித்துப் பார்த்தார், மடித்தார், மறுபடி ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இங்ஙனயே கெடக்கட்டும்" என்றார். "நீங்க வேற ஒண்ணு எழுதித் தாருங்க. அண்ணைக்கு எனக்க வாயில என்ன இருந்திச்சோ அத எழுதுங்க."

பையிலிருந்து கல்லூரிச் சீட்டு ஒன்றை எடுத்தேன். அவர் வந்த அந்த நாளை, உறைக்குள்ளிருந்த பழைய சீட்டை எடுத்துப் பார்த்து மகள் வாசித்துச் சொன்னாள், எழுதினேன். குறை என்ற இடத்தில் வாய் வறட்சி என்று எழுதினேன். அளவு என்ற இடத்தில் பேனா நின்றது. கொட்டாரத்துப் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மில்லிகூட இல்லை என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தச் சட்டம் போட்டபிறகு, இரண்டு மில்லிக்குக் குறைந்த ஓர் அளவின் கீழ் நான் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.